அமைச்சர் பாகனான வரலாறு: 'மஹவுட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர்

யானையைப் பழக்கி, அதன் கழுத்தில் அமர்ந்து நடத்துபவரை ஆங்கிலம் 'மஹவுட்' என்கிறது. விலங்கைப் பழக்கும் தொழிலுக்கென்று ஆங்கிலம் இந்தியாவிடமிருந்து பெற்ற சொற்களில் உலகெங்கும் அறியப்பட்டது இது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பயணிகளின் நூல்கள் வழியாக அம்மொழிக்குள் நுழைந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பதிவுகளிலும் வேட்டை நூல்களிலும் புழங்கி, இன்று தாய்லாந்து, மியான்மர், இலங்கை என எந்த நாட்டுப் பாகரைப் பற்றி எழுதினாலும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இச்சொல்லே வருகிறது.

இதன் மூலத்தை முதலில் தெளிவாகத் தொகுத்துச் சொன்ன நூல்களில் ஒன்று 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'. ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கான இந்த அகராதி 1886இல் வெளிவந்தது. தொகுத்த இருவரில் ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல், தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சேறும் முன், 1882இல் அவர் இறந்துவிட்டார். இந்துஸ்தானியின் 'மஹாவத்' என்பதே 'மஹவுட்' ஆயிற்று, அதன் மூலம் வடமொழியின் 'மஹாமாத்ர' என்பதை அந்த நூல் பதிவு செய்கிறது. 'அளவில் பெரியவர்' என்பது அவ்வடசொல்லின் நேர்ப்பொருள். உயர்பதவியில் உள்ள அதிகாரி என்பது வழக்குப்பொருள்.

சொல் தேய்ந்த முறையில் சிக்கல் ஏதும் இல்லை. வடமொழியின் 'த்ர' பிராகிருதத்தில் 'த்த' ஆகும். 'மஹாமாத்ர' என்பது 'மஹாமத்த' ஆனது அப்படித்தான். பாலி மொழியிலும் அமைச்சருக்கு இதே வடிவம்தான். உயிர்களுக்கு இடையில் நிற்கும் 'ம' வடஇந்திய மொழிகளில் 'வ' ஆவது இயல்பு, எனவே 'மஹாவத்'. ஆங்கிலேயர் காதில் அது 'மஹவுட்' என்று விழுந்தது. கன்னடத்தில் இச்சொல் 'மாவுத', தெலுங்கில் 'மாவடி', தமிழில் 'மாவுத்தன்', மரியாதையாக 'மாவுத்தர்'. தமிழில் 'மா' என்றால் விலங்கு, குறிப்பாக யானை, குதிரை என்பதால் மாவுத்தனைத் தனித்தமிழ்ச் சொல்லாகக் கொள்ளத் தோன்றலாம். ஆனால் அண்டை மொழிகள் எல்லாவற்றிலும் இதே சொல் இதே பொருளில், ஒலிமாற்ற விதிகளுக்கு ஒத்த வடிவங்களில் இருக்கும்போது அந்த விளக்கம் நிற்காது.

ஒலியை விடப் பொருள் மாறிய விதமே ஆராயத்தக்கது. மௌரியப் பேரரசர் அசோகரின் கல்வெட்டுகளில் மகாமாத்திரர் என்போர் பேரரசின் உயர் அலுவலர்கள். அறத்தைக் கண்காணிக்க 'தம்ம மகாமாத்திரர்' என்ற புதிய பதவியை உண்டாக்கியதாக அசோகரே தம் ஐந்தாம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார். தமிழகத்துக்கு வடக்கே, கருநாடகத்தின் பிரம்மகிரியில் உள்ள சிறு பாறைக் கல்வெட்டு, சுவர்ணகிரியில் இருந்த இளவரசரும் மகாமாத்திரர்களும் இசிலா என்ற ஊரின் மகாமாத்திரர்களுக்கு அனுப்பிய ஆணையாகத் தொடங்குகிறது. மாகாணத் தலைநகரிலிருந்து மாவட்டத் தலைமைக்குப் போகும் அரசாணை போன்றது அது. அங்கே யானை இல்லை.

மகாபாரதத்திலோ இதே சொல் யானைமேல் இருந்து போரிட நடத்துபவரையும் குறிக்கிறது. ஒரே சொல் அமைச்சருக்கும் பாகருக்கும் எப்படிப் பொருந்தியது? யானை யாருடைய சொத்து என்ற கேள்வியில் விடை இருக்கிறது. சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், குதிரையையோ யானையையோ தனியார் வைத்துக்கொள்ள இயலாது, அவை அரசனுக்கு மட்டுமே உரியவை என்று எழுதியதாக ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். அர்த்தசாத்திரம் யானைப்படைக்கென்று தனி அதிகாரியை வைக்கிறது; யானைக்காடுகளைக் காவல் செய்யவும் ஆள் வைக்கிறது. அரசின் மிக விலையுயர்ந்த படைக்கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் அரசின் நம்பிக்கைக்குரிய அலுவலராகத்தான் இருக்க முடியும். வரலாற்றாசிரியர் தாமஸ் டிரவுட்மன் 2015இல் வெளியிட்ட 'யானைகளும் அரசர்களும்' என்ற ஆய்வுநூலில் இந்த உறவை விரிவாகக் காட்டுகிறார். யானையைத் தொழுவத்தில் இனப்பெருக்கம் செய்து வளர்ப்பது கட்டுபடியாகாது. வேலைக்குத் தகுதியாக அதற்கு இருபது வயதாக வேண்டும், அதுவரை தீனி போட வேண்டும். எனவே காட்டில் வளர்ந்ததைப் பிடித்துப் பழக்கினார்கள். அதனால் காடு அரசுக்குத் தேவைப்பட்டது. காட்டையும் யானையையும் அறிந்த ஆளும் தேவைப்பட்டான்.

யானைப்போர் மேற்கே பரவியபோது இந்தியப் பாகரும் உடன் போனார்கள். சந்திரகுப்தர் கிரேக்க மன்னர் செலூக்கசுக்கு 500 யானைகளைக் கொடுத்தார். அதன்பின் கிரேக்க எழுத்தாளர்கள் பாகரை 'இந்தியர்' என்றே குறிப்பிடலானார்கள். பாலிபியஸ் எழுதிய வரலாற்றில் ஹானிபாலின் ஆப்பிரிக்க யானைகளை நடத்துபவரும் 'இந்தியர்' தான்; பிறந்த நாடு எதுவாயினும் தொழிலின் பெயர் அதுவாகிவிட்டது. விவிலியத் தொகுப்பின் முதலாம் மக்கபேயர் நூலிலும் போர்யானைமேல் இருப்பவர் இந்தியரே. ஐரோப்பிய மொழிகளில் பாகருக்குக் கிடைத்த முதல் பெயர் இது என்று கொள்ளலாம். 'மஹவுட்' அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

யூலும் பர்னெலும் இன்னொரு கிரேக்கச் சான்றையும் கண்டெடுத்தார்கள். ஹெசிகியஸ் என்ற அலெக்சாந்திரிய அகராதிக்காரர் 'மாமாத்ரை' என்ற சொல்லைப் பதிந்து, இந்தியர்களிடையே படைத்தலைவர்களைக் குறிப்பது என்று பொருள் எழுதியிருக்கிறார். மஹாமாத்ரரே அது என்பது அவர்கள் கருத்து. இந்த இடத்தில்தான் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டுவந்து அருகில் வைக்க வேண்டும். அகராதிகள் இச்சொல்லின் தடத்தை வடமொழியிலிருந்து இந்துஸ்தானிக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் நேர்கோடாக வரைகின்றன. தமிழ் நூல்களில் இருப்பவை அந்தக் கோட்டின் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பக்கூடியவை.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம், திருச்செங்காட்டங்குடியில் பிறந்த சிறுத்தொண்டரை 'மாமாத்திரர்' குலத்தவர் என்கிறது. நாயனாராவதற்கு முன் அவர் பரஞ்சோதி என்ற படைத்தலைவர். ஆயுள்வேதம், வடநூல்கள், படைக்கலப் பயிற்சி ஆகியவற்றோடு மதயானையையும் குதிரையையும் செலுத்தும் கலையிலும் அவர் தேர்ந்தவராகச் சொல்லப்படுகிறார். அரசனுக்காக வாதாபியை அழித்து வந்தபோது, யானைப்போரில் அவர் காட்டிய ஆண்மையைக் கண்டு அரசன் வியந்ததாகவும் புராணம் கூறுகிறது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றிய ஆண்டு 642.

மாமாத்திரர் என்பதற்கு அமைச்சர், மருத்துவர், படைத்தலைவர் என்று தனித்தனியே பொருள் கொள்வதுண்டு. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு உயர்பதவி, மருத்துவ அறிவு, யானையைச் செலுத்தும் திறன் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் நிலையைத்தான் சேக்கிழார் வரைகிறார். அமைச்சராக இருந்த மகாமாத்திரருக்கும் கூலிக்கு யானை மேய்க்கும் மாவுத்தனுக்கும் நடுவில் நிற்கும் படிநிலை இது. சொல்லின் வடிவமும் கவனிக்கத் தக்கது. ஹெசிகியஸ் எழுதிய 'மாமாத்ரை'யில் 'ஹ' இல்லை; தமிழ் 'மாமாத்திர'த்திலும் இல்லை. பொருளும் படைத்தலைமையே. கிரேக்க எழுத்தில் 'ஹ' ஒலியைச் சொல்லின் நடுவில் எழுத வழியில்லாததால் இதைக் கொண்டு பெரிய முடிவுக்குப் போகக் கூடாது. ஆயினும் இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இச்சொல் வருவதற்கு முன்பே தமிழில் இத்தொழிலுக்கு நிறைந்த சொல்வளம் இருந்தது. யானையையும் தேரையும் நடத்துபவர் பாகர். அவர் கையில் இருப்பது தோட்டி அல்லது கவைமுள். யானையைக் கட்டும் தறி கந்து. ஊட்டும் உருண்டை கவளம். கழுத்தில் இடும் கயிறு புரசை. நெற்றியில் அணிவது ஓடை. பிடிப்பதற்கு வெட்டும் குழி பயம்பு. குழியில் விழுந்த களிறு கரையைக் கொம்பால் குத்தித் தூர்த்துத் தப்பிப் போகும் காட்சியைப் பட்டினப்பாலை கரிகாலன் சிறைமீண்டதற்கு உவமை ஆக்குகிறது. புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார், பாண்டியனிடம் சிறைப்பட்டுத் தப்பிய சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கும் இதே உவமையைச் சொல்கிறார். கேட்பவர் குழிமுறையை நன்கு அறிந்திருந்தால்தான் இத்தகைய உவமை எடுபடும்.

இவ்வளவு சொல் இருந்தும் யானையிடம் பேசிய மொழி வேறாக இருந்தது. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான நப்பூதனாரின் முல்லைப்பாட்டு ஒரு பாசறையைக் காட்டுகிறது. கரும்பும் நெற்கதிரும் அதிமதுரத் தழையுமாக வைத்த தீனியை யானை உண்ணாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. இளம் பாகர்கள் கவைமுள்ளை வைத்துக்கொண்டு, வடமொழிச் சொற்களைப் பலமுறை சொல்லி அதை உண்ண வைக்கப் பார்க்கிறார்கள். அந்த இளைஞர்களைக் கல்லாதவர் என்றே புலவர் சொல்கிறார். நூல் கற்காதவர் வாயில் வடசொல் வருகிறது என்றால் அது படிப்பால் வந்ததல்ல. தொழிலோடு கைமாறி வந்தது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாமும் நன்னனின் மலைநாட்டில் கேட்கும் ஒலிகளுள் ஒன்றாக, பாகர்கள் கலந்த மொழியில் யானையைப் பயிற்றும் ஓசையைச் சேர்க்கிறது.

யானை கைமாறும் விலங்கு. கொடையாக, திறையாக, போரில் கொள்ளையாக, வணிகப் பொருளாக அது நாடு விட்டு நாடு போகும். போகும் இடத்தில் புதிய பாகனின் தாய்மொழியை அது கற்றுக்கொண்டிருக்க முடியாது. பாகர்தான் யானை அறிந்த சொல்லைக் கற்றாக வேண்டும். அதனால் அரசுகளின் எல்லை கடந்து பாகர்களுக்குள் பொதுவான ஒரு கட்டளை மொழி உருவாகி நிலைத்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பாட்டு இதைப் பதிந்து வைத்திருப்பது யானை வரலாற்றுக்கே பெரும் பேறு. பழக்கும் தொழிலின் சொற்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு ஏன் இவ்வளவு எளிதாகத் தாவின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சோழர் காலத்தில் இந்தத் தொழில் படைநிர்வாகத்தின் பகுதியாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பட்டியலிடும் படைப்பிரிவுகளில் யானையாட்களும் குஞ்சரமல்லரும் உண்டு. இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பில் ஆறுகளைக் கடக்க யானைகளையே பாலமாக நிறுத்தியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றியின் நினைவாக எழுந்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தனும் 1054இல் கொப்பத்தில் முதலாம் இராசாதிராசனும் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டார்கள். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்ற பெயர் அதனால் வந்தது. சீன நாட்டுச் சௌ ஜூ-குவா 1225இல் சோழ அரசிடம் அறுபதாயிரம் போர்யானைகள் இருந்ததாக எழுதினார். கேள்விப்பட்டு எழுதிய எண் அது. அப்படியே நம்ப வேண்டியதில்லை. அன்றைய உலகில் சோழருக்கு இருந்த பெயரை மட்டும் அது காட்டுகிறது. அக்காலக் கல்வெட்டுத் தமிழில் யானைக்காரரைக் குறிக்க ஆள், மல்லர், பாகர் போன்ற சொற்களே போதுமானவையாக இருந்தன.

'மஹாவத்' என்ற தேய்ந்த வடிவம் தமிழ்நாட்டுக்கு வந்தது வேறு ஒரு காலத்தில், வேறு ஒரு வழியில். பெரம்பலூருக்கு வடக்கே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள வாலிகண்டபுரம் அந்த வழியைப் புரிந்துகொள்ளத் தக்க இடம். இன்று வாலீசுவரர் கோயிலால் அறியப்படும் இவ்வூர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடிக்குத் தலைமையிடமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்ற இடம் கொடுத்தவர் அவர்தான். பிரான்சுவா மார்த்தன் 1674இல் அங்கே குடியேறினார். 1677இல் சிவாஜியின் படை ஷேர்கானைத் திருவதிகையில் முறியடித்தது. தக்காணத்திலிருந்து வந்த இத்தகைய படைகளோடு தக்கணி உருதுவும் பாரசீகமும் வந்தன. சவாரி, சிப்பாய், லகான், அம்பாரி, ஜமேதார் என்று படையும் தொழுவமும் சார்ந்த சொற்கள் தமிழில் தங்கியது பீஜப்பூர், கோல்கொண்டா, மராட்டியர், நவாபு ஆட்சிகள் அடுத்தடுத்து வந்த இந்த நூற்றாண்டுகளில்தான். மாவுத்தன் அந்த வரிசையைச் சேர்ந்தவன். வாலிகண்டபுரத்தில்தான் அச்சொல் முதலில் ஒலித்தது என்று சொல்ல முடியாது. அது ஒலித்திருக்கக்கூடிய பாளையங்களின் உலகம் எத்தகையது என்பதை இந்த ஊர் நமக்குக் காட்டுகிறது.

அதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், முகலாய அவையில் இத்தொழில் எவ்வளவு நுட்பமாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதை அபுல் பசல் தொகுத்த 'அயினி அக்பரி' விவரிக்கிறது. கழுத்தில் அமர்ந்து நடத்துபவர் மஹாவத். பின்னால் அமர்ந்து போரில் உதவுபவர் போய். தீனி கொண்டுவந்து அலங்காரம் பூட்டுபவர் மேத். யானையின் தரத்துக்கேற்ப ஆள் எண்ணிக்கையும் சம்பளமும் மாறும். அசோகரின் மகாமாத்திரர் இங்கே சம்பளப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டார்.

இச்சொல்லுக்கு உடன்பிறப்பு போல இன்னொன்று தமிழில் உண்டு. 'ராஜபுத்ர' என்ற வடசொல் 'ராவுத்த' என்று தேய்ந்து குதிரைவீரரைக் குறித்தது. தமிழில் அது இராவுத்தர். அருணகிரிநாதர் முருகனையே மயிலேறும் இராவுத்தனாகப் பாடியிருக்கிறார்; 15ஆம் நூற்றாண்டிலேயே சொல் நன்கு வேரூன்றியிருந்தது. இளவரசர் குதிரைவீரரானதும் அமைச்சர் பாகரானதும் ஒரே போக்கின் இரண்டு நிகழ்வுகள். ஆனால் இராவுத்தர் ஒரு சமூகத்தின் மதிப்புக்குரிய பெயராக நிலைத்துவிட்டது; மாவுத்தனோ தொழிலின் பெயராகவே நின்றுவிட்டான். குதிரை வணிகமும் குதிரைப்படையும் செல்வத்தைக் கொடுத்தன. யானை கடைசிவரை பெரும்பாலும் அரசின் உடைமையாகவே இருந்ததால் அதை நடத்தியவர் கையில் எதுவும் சேரவில்லை.

18ஆம் நூற்றாண்டுக் கருநாடகப் போர்களோடு யானையின் படைப்பெருமை முடிவுக்கு வந்தது. 1749இல் ஆம்பூரில் நவாபு அன்வாருதீன் யானைமேல் இருக்கையிலேயே சுடப்பட்டு இறந்தார். 1750இல் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங்கும் அப்படியே மாண்டார். 1751இல் வாலிகண்டபுரத்தில், நவாபுப் பட்டத்துக்கான போட்டியில், சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் ஆங்கிலேயரும் மறுபக்கம் மோதினார்கள். அப்போது ஆங்கிலப் படைக்கு உணவுப்பொருள் வழங்கும் பொறுப்பில் இருந்தவர் இளம் ராபர்ட் கிளைவ். ஆங்கிலேயர் பின்வாங்கித் திருச்சிக்கு ஓடினார்கள். துப்பாக்கிக்கு முன்னால் உயரத்தில் அமர்ந்திருப்பது ஆபத்து என்பது தெளிவான பின் யானை பாரம் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் மரம் தூக்கவும் போயிற்று. ஆங்கிலேயர் 'மஹவுட்' என்ற சொல்லை அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கியது இந்த நிலையில்தான். அவர்கள் கண்ட மஹவுட் படைத்தலைவர் அல்லர், வேலையாள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு உயர்வு ஏதும் ஒட்டாததற்கு இதுவே காரணம்.

யானை பிடிக்கும் தொழிலின் மற்றச் சொற்களும் இதே போலப் பல மொழிகளின் கலப்பு. காட்டுயானையை அடக்க உதவும் பழகிய யானை கும்கி. பாரசீகத்தின் 'குமக்', அதாவது உதவி, அதன் மூலம். 2012இல் இதே பெயரில் வந்த திரைப்படத்துக்குப் பின் இச்சொல்லை அறியாத தமிழர் இல்லை. மந்தையை வளைத்து அடைப்புக்குள் ஓட்டும் முறை கெத்தா, ஜி. பி. சாண்டர்சன் 1870களில் மைசூரில் நடத்திய பிடிப்புகளைப் பற்றி 1878இல் எழுதிய நூல் அச்சொல்லை ஆங்கில வாசகரிடம் பரப்பியது. காக்கனகோட்டையில் கடைசி கெத்தா நடந்தது 1971இல். மதம் பிடித்த நிலையை ஆங்கிலம் 'மஸ்த்' என்கிறது. அது போதையைக் குறிக்கும் பாரசீகச் சொல். வடமொழி 'மத' என்பதும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

இவற்றுள் தமிழுக்கு நேராக உரிமையுள்ள சொல் ஒன்று இலங்கையில் இருக்கிறது. 1859இல் இலங்கை பற்றி விரிவான நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட், தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த யானை பிடிப்போரைப் 'பணிக்கியா' என்று குறிப்பிடுகிறார். தமிழின் பணிக்கரே அது. மான்தோல் அல்லது எருமைத்தோல் கயிற்றில் சுருக்கிட்டு, இரண்டே பேர் நடந்து போய் யானையின் பின்காலில் மாட்டிவிடும் அவர்கள் துணிவை அவர் வியந்து எழுதினார். மட்டக்களப்புப் பகுதியின் ஏறாவூர்ப் பணிக்கர்கள் இத்தொழிலுக்குப் பேர் போனவர்கள். தமிழிலிருந்து ஆங்கில யானை நூல்களுக்குப் போன இந்தச் சொல் அங்கே வேர்விடாமல் போயிற்று. கம்பெனியார் புழங்கிய இந்துஸ்தானியின் ஆதரவு 'மஹவுட்'டுக்கு இருந்தது, பணிக்கருக்கு இல்லை.

இலங்கையில் யானையை ஓட்டி அடைக்கும் மரவேலி 'கிரால்'. போர்த்துகீசியரின் 'குர்ரால்' டச்சுக்காரர் வாய்வழியாக அப்படி ஆயிற்று. பனாமுரையில் 1950இல் நடந்ததே அங்கே கடைசி கிரால். தமிழ்நாட்டு முகாம்களில் புதிதாகப் பிடித்த யானையை அடைக்கும் மரக்கூண்டை இன்றும் 'கரோல்' என்கிறார்கள். 2019 பிப்ரவரியில் உடுமலைப் பகுதியில் பிடிபட்ட சின்னத்தம்பி யானையை வரகளியாறு முகாமின் கரோலில்தான் அடைத்தார்கள். பின்னாளில் அது கும்கியாகப் பழக்கப்பட்டது. அமெரிக்க மாட்டுப்பண்ணைகளின் 'கொரால்' என்ற சொல்லும் இதற்கு உறவு.

பழக்குதல் என்ற செயலுக்கே ஆங்கிலம் வைத்திருக்கும் 'டேம்' என்ற வினை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ஜெர்மானிய மொழிகளின் பழஞ்சொல். இலத்தீனின் 'தொமாரே', கிரேக்கத்தின் 'தமாஸெய்ன்', வடமொழியின் 'தம்' ஆகிய வினைகளோடு ஒரே மூலத்தைக் கொண்டது. புலனடக்கம் என்ற பொருளில் தமிழ்ச் சமய நூல்களில் வரும் 'தமம்' அந்த வடசொல்லின் வழிவந்ததே. அடக்கத்தக்க மனிதரை அடக்கிச் செலுத்தும் சாரதி என்று புத்தருக்குப் பாலி நூல்கள் தரும் பட்டப்பெயரிலும் இதே வேர் இருக்கிறது. தமிழில் 'பழக்கு' வேறு திசையில் பிறந்த சொல். பழகு என்பதன் பிறவினை அது. பழகவைத்தல் என்பதே பொருள். மாட்டை ஏருக்கும் வண்டிக்கும் அணியமாக்குவதை வசக்குதல் என்பார்கள். வன்மையாக அடக்குவதற்கு 'அடக்கு' தனியே இருக்கிறது.

ஆங்கில நாளேடுகள் ஏறுதழுவுதலை 'காளையை டேம் செய்யும் விளையாட்டு' என்று எழுதுவது இதனால்தான் பொருந்தவில்லை. வாடிவாசலில் திமில் பிடிக்கப்பட்ட காளை அடங்கிப் பழகிய காளை ஆவதில்லை. அடுத்த ஆண்டும் அதே வேகத்தோடு வர வேண்டும் என்றே வளர்க்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் நடக்கும் இவ்விளையாட்டுக்குத் தழுவுதல் என்று பெயரிட்ட பழைய தமிழ் செயலைச் சரியாகவே பார்த்திருக்கிறது.

மாடு, ஆடு, நாய் ஆகியவை பல்லாயிரம் ஆண்டு மனிதத் தெரிவால் இனமாகவே மாறிவிட்ட வீட்டு விலங்குகள். யானை அப்படி மாறவே இல்லை. ஒவ்வொரு யானையும் தனித்தனியாகப் பழக்கப்பட்டது. அதன் இனம் காட்டினமாகவே இருக்கிறது. எனவே யானைக்குப் பழக்குபவர் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தேவைப்படுகிறார். மகாமாத்திரர் என்ற சொல் இத்தனை அரசுகளைக் கடந்து உயிரோடு இருந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்த உயிரியல் உண்மை.

இன்றைய தமிழ்நாட்டில் இத்தொழில் முதுமலையின் தெப்பக்காடு, ஆனைமலையின் கோழிகமுத்தி முகாம்களிலும் கோயில்களிலும் வாழ்கிறது. முகாம்களில் பாகரும் அவருக்குத் துணையாகக் காவடியும் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் மலசர், குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் முதலிய பழங்குடியினர். ஏவல் சொற்களில் தமிழும் இந்துஸ்தானியும் பழங்குடி மொழிகளும் கலந்திருக்கின்றன. மலைபடுகடாம் சொன்ன கலப்புமொழி இன்றும் தொடர்கிறது என்று சொன்னால் மிகையில்லை. யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி பல ஆண்டுகள் இம்முகாம்களில் பணியாற்றினார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை அவரைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தது. அவர் நம்பிய அறிவில் பெரும்பகுதி பாகர்களின் கண்ணறிவு. தெப்பக்காட்டின் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றபோது, தமிழ்நாடு அரசு இரு முகாம்களிலும் பணியாற்றும் 91 பேருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் வழங்கியது.

1977இல் யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டபின், பழக்குவதற்காகக் காட்டில் யானை பிடிப்பது நின்றுவிட்டது. ஊருக்குள் புகும் ஒன்றிரண்டு யானைகளே கரோலுக்கு வருகின்றன. பழக்கும் வேலை குறையக் குறைய அதன் சொற்களும் மறையும். சங்கப் புலவர்கள் பாசறைக்குப் போய்க் காது கொடுத்துக் கேட்டதால்தான் அக்காலப் பாகர் பேசிய மொழி எது என்பது நமக்குத் தெரிகிறது. தெப்பக்காட்டிலும் கோழிகமுத்தியிலும் மூத்த பாகர்கள் யானையிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், அது எந்த மொழியிலிருந்து வந்தது, எப்போது சொல்லப்படுகிறது என்பதோடு, தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் ஒலிப்பதிவு செய்து அகராதியாக்க வேண்டும். அந்த மூத்தவர்கள் பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புவதற்குள் இந்த வேலை நடக்க வேண்டும்.